கரடிப் பாடம்

எனக்கு நன்றாகப் படிக்க வரும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஜோகூர் மாநிலத்தில் செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டுகிறவர். மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். அம்மா, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்ததில் பள்ளிக்கே போகவில்லை. அதனால் வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துச் சீட்டு, பள்ளி அறிக்கை எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து நானே உரக்கப் படித்துச் சொன்னேன். அம்மா கூலாயில் ஒரு சிறிய சபையில் சேர்ந்த பிறகு வேதமும் அதில் சேர்ந்துகொண்டது. அவர் வெங்காயம் உரிப்பார், நான் படிப்பேன். திக்காமல் படித்தால், "ஆமென்" என்பார். திக்கினால், "மறுபடியும் மேலருந்து வா" என்பார்.

அப்பா மட்டும் மாரியம்மன் கோயிலை விடவில்லை. ஞாயிறு காலையில் எங்களை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் தோசை சாப்பிட்டபடி காத்திருப்பார்.

சபை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே சக்கரம் கழற்றும் சத்தம் வரும்போதெல்லாம் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திச் சிரிப்பார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது. அதை இப்போது மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும். பத்தொன்பது வயதில் நான் டிப்ளோமா படிக்கச் சேர்ந்தபோது, சபை முன்னால் என்னை நிறுத்தி, "இந்தப் பிள்ள வாசிச்சா தண்ணி மாதிரி ஓடுது. இனிமே ஞாயிறு வகுப்பு இவளுக்குத்தான்" என்றார். அம்மா அழுதார். நான் அன்றைக்கு நடந்த நடையை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

வகுப்புக்கு ஒரு பாடப் புத்தகமும், பாடத்துக்கு ஒன்றாகப் பெரிய படங்களும் இருந்தன. படத்தைத் தூக்கிப் பிடித்துக் கதை சொல்ல வேண்டும். புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் இருக்கும் வரியைப் பிள்ளைகள் மூன்று முறை சேர்ந்து சொல்ல வேண்டும்.

அந்தப் புத்தகத்தில்தான் கரடிப் பாடம் இருந்தது. வேதத்தில் அது இரண்டே வசனம். ஒரு தீர்க்கதரிசி மலைப்பாதையில் ஏறிப் போகிறார். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் அவருடைய வழுக்கைத் தலையைக் கேலி செய்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சபிக்கிறார். காட்டிலிருந்து இரண்டு பெண் கரடிகள் வந்து நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கிழித்துப்போடுகின்றன.

என் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப் பேர் தோட்டத்து ஓரத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கரடி அவர்களுக்குப் படத்தில் மட்டும் இருக்கும் மிருகம் அல்ல. அந்த வருடம் செம்பனை வரிசைக்குள் ஒரு கரடி நடமாடியதாகப் பேச்சிருந்தது. என் அப்பாவே அதைத் தூரத்தில் பார்த்திருந்தார். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். படத்தைத் தூக்கிப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "எங்கயோ இருக்குன்னு நெனைக்காதீங்க. நம்ம தோட்டத்துலயும் இருக்கு, தெரியும்ல? எங்கப்பா பாத்திருக்காரு" என்றேன். பிறகு உறுமினேன். பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியில் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். கட்டத்துக்குள் இருந்த வரியை மூன்று முறை சொல்ல வைத்தேன்: கர்த்தருடைய ஊழியக்காரருக்கு எதிராகப் பேசமாட்டேன்.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் கைதட்டினார்.

முதல் வரிசையில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியில் காலைத் தூக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஆண்டு கழித்து அவளைப் பாட்டுக் குழுவில் சேர்த்தார்கள். பாட்டுப் பயிற்சி முடிந்து பாஸ்டர் அவளை ஜெப அறையில் தனியாக இருக்கச் சொல்வார். வரம் இருக்கும் பிள்ளை என்று எல்லாரும் நினைத்தோம். அந்த அறையில் அவர் அவளுக்குச் செய்யக்கூடாததைச் செய்தார். நான் எழுதப்போவது இவ்வளவுதான். மற்றதை அவள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாள். இதை எழுத அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். யாருடைய பெயரும் வேண்டாம் என்பதும், வழக்கின் முடிவை எழுத வேண்டாம் என்பதும் அவள் வைத்த நிபந்தனை.

அந்தக் காலத்தில் ஒருநாள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அது நெஜமா வருமா?"

"எது?"

"கரடி."

நான் சிரித்தேன். கையில் நான்கு நாற்காலி இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வரும் வரும். வாய் ரொம்ப நீண்டா வரும்" என்றேன்.

"ஓ" என்றாள். இரண்டு நாற்காலியை எடுத்து எனக்கு அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் அடுத்து வாயைத் திறந்தது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, இடைநிலைப் பள்ளி முதலாம் படிவத்தில், பள்ளி ஆலோசக ஆசிரியை முன்னால். அந்த ஆசிரியை அன்றைக்கே அவளுடைய தாயாரை வரவழைத்தார். போலீஸ் புகார் ஆனது. பாஸ்டர் கைதாகி ஜாமீனில் வந்தார். சபை இரண்டாக உடைந்தது. பாஸ்டரை நம்பிய பாதிப் பேர் வேறு மாடிக்குப் போனார்கள். மீதிப் பேர் டயர் கடை மாடியிலேயே ஒரு குழுவை வைத்துச் சபையை நடத்தினோம். "அவரு அப்படிப்பட்டவரு இல்ல" என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று போலீஸ் கேட்டதற்கு மகள் என்ன பதில் சொன்னாள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

கரடி வரும் என்று பயந்தாளாம்.

நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். "புத்தகத்துல இருந்ததத்தானே சொன்னேன்மா. பாஸ்டர் குடுத்த புத்தகம்" என்றேன். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு என்ன தெரியும்? பாஸ்டர் என்னா சொன்னாரோ, அது எனக்குப் பாதிதான் புரியும். நீ படிச்சதத்தான் நான் நம்பினேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குள் எனக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. சாட்சி சொல்லும் தேதிக்கு ஆறு வாரம் முன்பு அந்தப் பெண்ணின் அப்பா மோட்டாரில் வேலைக்குப் போகும்போது ஒரு லோரி மோதிக் கால் உடைந்தது. மருத்துவமனைக்கு, பிரிந்துபோன பாதியிலிருந்து ஒரு ஆன்ட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். முன்பு எங்கள் சபையில் பாட்டு நடத்தியவர். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பதினான்கு வயது மகள்.

"பாத்தியாமா? அபிஷேகம் பண்ணப்பட்டவர் மேல வாய் வச்சா சும்மா போகுமா? அன்னைக்குக் கரடி. இன்னைக்கு லோரி."

பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே அந்தப் பெண், "நான் கோர்ட்டுக்கு வரல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அரசு வழக்கறிஞர் வந்து பேசினார், ஆலோசக ஆசிரியை வந்து பேசினார். "வரல" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாவிட்டால் வழக்கு நிற்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதர் வேறொரு மாடியில் மறுபடியும் பிரசங்கம் செய்வார். அங்கேயும் ஒரு ஜெப அறை இருக்கும்.

அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார். "நீதான் அவளுக்குள்ள அத வச்ச. நீயே வந்து எடு" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார். நான் சனிக்கிழமை வரை யோசித்தேன். என்ன எடுத்துப் போவது என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை. கடைசியில் வேதத்தையும், அந்தப் பழைய படத்தையும், வேலையிடத்துச் சோதனைத் தாள் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு பெட்டியைத் திறந்தால் முதலில் அந்தத் தாளில்தான் எழுதுவோம். நடுவில் ஒரு கோடு இருக்கும். இடது பக்கத்தில் கண்ணால் கண்டது மட்டும். அது ஏன் ஆனது, யார் செய்தது என்று நாம் நினைப்பதெல்லாம் வலது பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் இடது பக்கத்தில் "கவனக்குறைவால் கீறல்" என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளரான மலாய்க்காரக்கா அதை அடித்துவிட்டு, கவனக்குறைவை நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். கீறல் மட்டும்தான் தெரிந்தது.

அவர்கள் வீடு கூலாயில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தது. பிற்பகல் மூன்று மணி. அவளுடைய அப்பா கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாற்காலி போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று அரசு வழக்கறிஞர் அவள் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நான் அதப் பத்திக் கேக்க வரல. ஒரே ஒரு பக்கம் படிக்கணும். நான் உனக்குத் தப்பாப் படிச்சுக் காட்டின பக்கம்" என்றேன்.

"படமும் கொண்டாந்தீங்களா?"

"ம்."

"காட்டுங்க."

காட்டினேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்து, குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "ம், படிங்க."

படித்தேன். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், பில் படிப்பதுபோல. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாளையும் பேனாவையும் அவளிடம் தள்ளினேன். கோட்டுக்கு இடது பக்கம் இதில் எழுதியிருப்பதை எழுது, வலது பக்கம் நான் சொல்லிக் கொடுத்ததில் இதில் இல்லாததை எழுது என்றேன்.

அவள் மெதுவாக எழுதினாள். கேலி செய்தார்கள் என்பது இடது பக்கம். சபித்தார், இடது பக்கம். கரடி வந்தது, பிள்ளைகளைக் கிழித்தது, இடது பக்கம். அங்கே பேனா நின்றது.

"கர்த்தர் கரடிய அனுப்புனாருன்னு எதுல இருக்கு?"

"நீயே பாரு."

இரண்டு வசனத்தையும் அவள் விரல் வைத்துப் படித்தாள். "கர்த்தர் பேர்ல சபிச்சாருன்னு இருக்கு. அவரு அனுப்புனாருன்னு இல்ல." வலது பக்கம் எழுதினாள். "ஊழியக்காரருக்கு எதிரா பேசாதன்னு?"

"அது கட்டத்துக்குள்ள இருந்தது. இதுல இல்ல."

"நம்ம தோட்டத்துல கரடி இருக்குன்னு?"

"அது நான்." தாளின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். "அது முழுக்க நான்."

அதையும் வலது பக்கம் எழுதினாள். அவளுடைய அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப ஏன் அக்கா அந்தப் பிள்ளைங்கள அது அடிச்சது? தலையத்தான கேலி பண்ணாங்க."

இந்தக் கேள்விக்காக நான் நான்கு நாள் தயார் செய்திருந்தேன். அவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, வாலிபர்கள் என்று சிலர் சொல்வார்கள். அது தீர்க்கதரிசியின் தலையைப் பற்றிய கேலி இல்லை, கடவுளையே அவமதித்தது என்றும் சொல்வார்கள். இதே தீர்க்கதரிசி அதற்குச் சற்று முன்னால்தான் ஓர் ஊரின் கெட்டுப்போன தண்ணீரை நல்ல தண்ணீராக்கினார் என்பதும் எனக்குத் தெரியும். இதெல்லாம் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பதிலைச் சொன்னாலும், கிழிபட்ட பிள்ளைகள் பக்கம் நிற்காமல் கரடியின் பக்கம் நின்று பேசுவதுபோல இருக்கும் என்று தோன்றியது.

"தெரியல" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "நீங்க தெரியலன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல."

"இப்பத் தெரியல. அவரு செஞ்சது சரின்னு இதுல எழுதல. தப்புன்னும் எழுதல. அப்புறம் வேற மலைக்குப் போனாருன்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப அப்பாவோட லோரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து பதில் வந்தது. "ஏய் பிள்ள, அந்த லோரிக்காரன் சிக்னல் போடாமத் திரும்புனான். கரடிக்கு ஏது லைசென்ஸு? அந்த ஆரஞ்சு ஆன்ட்டிகிட்டச் சொல்லு, அடுத்த தடவ கரடி வந்தா ரோடு இலாகா ஜேபிஜேல சம்மன் குடுக்கச் சொல்றேன்னு."

"அலமாக், போங்கப்பா" என்றாள். சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் நின்றுவிட்டது. அவர் விடவில்லை. "லோரிய எந்தப் பக்கம்மா எழுதப்போற?"

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு இடது பக்கம் "லோரி சிக்னல் போடவில்லை" என்றும், வலது பக்கம் "அன்னைக்குக் கரடி, இன்னைக்கு லோரி" என்றும் எழுதினாள்.

நான் அங்கேயே எழுந்திருக்கலாம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டியிருந்தது. ஆலயத்தில் வளர்ந்த சிறுவனைக் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிடும் கதை எல்லா ஞாயிறு வகுப்பிலும் உண்டு. அவன் படுக்கையிலிருந்து எழுந்து, சொல்லும், கேட்கிறேன் என்பான். பாடப் புத்தகத்தில் கதை அதோடு முடிந்துவிடும். இத்தனை வருடம் நானும் அதோடு முடித்திருக்கிறேன். கூப்பிட்ட குரல் அவனிடம் என்ன சொன்னது என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

அதை அன்றைக்கு நிறுத்தாமல் படித்தேன். அந்த ஆலயத்தின் வயதான ஆசாரியருக்கு இரண்டு மகன்கள், அவர்களும் ஆசாரியர்கள். காணிக்கையைப் பிடுங்கித் தின்றார்கள். ஆலய வாசலில் பணி செய்த பெண்களிடம் தவறாக நடந்தார்கள். தகப்பனுக்குத் தெரிந்திருந்தது. வாயால் கண்டித்தார், நிறுத்தவில்லை. சிறுவனிடம் சொல்லப்பட்ட செய்தி அந்த ஆசாரியர் குடும்பத்துக்கு எதிரானது. காலையில் அவன் ஆலயக் கதவுகளைத் திறந்துவிட்டு, சொல்லப் பயந்துகொண்டு நின்றான். ஆசாரியரே அவனைக் கூப்பிட்டு, எதையும் மறைக்காதே என்றார். அவன் மறைக்காமல் சொன்னான்.

"அந்தப் பையனுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவன் வளர்ந்தான். அவன் சொன்னத எல்லாரும் நம்புனாங்க."

"ஆசாரியருக்கு?"

இதற்கும் முழுப் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பிறகு ஒரு போர் வந்தது, மகன்கள் செத்தார்கள், தகப்பன் அந்தச் செய்தியைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழுந்து செத்தார், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பேரும் அதே போரில் செத்தார்கள் என்று சொன்னேன். "இதுவும் சுத்தமான கதை இல்ல. நல்ல பகுதிய மட்டும் படிச்சிட்டுப் போக முடியாது. ஆனா சொன்னதுக்காக அந்தப் பிள்ளைய யாரும் தண்டிக்கல. அது இடது பக்கம்."

அவள் தாளை நான்காக மடித்துத் தன் பென்சில் பையில் வைத்துக்கொண்டாள். படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "கிழிச்சிடாதீங்க. என் தங்கச்சி அடுத்த வருஷம் உங்க வகுப்புக்கு வருவா."

"அந்தப் பாடத்த எடுத்துடலாம்னு குழுவுல பேசிக்கிறாங்க."

"எடுத்தா வேற யாராச்சும் அவளுக்குச் சொல்லுவாங்க லா. ஆரஞ்சு ஆன்ட்டி மாதிரி" என்றாள்.

கோர்ட்டுக்கு வருவதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அவள் அம்மா போன் செய்து, ஜோகூர் பாரு நீதிமன்றத்துக்குப் போக வண்டி கிடைக்குமா என்று கேட்டார்.

என் அப்பா லீவு போட்டு வேனை எடுத்தார். வழியெல்லாம் கரடியைப் பற்றித்தான் பேசினார். "நான் பாத்த கரடி நாய் சைஸுதாம்மா. என்னப் பாத்ததும் தலைதெறிக்க ஓடிருச்சு. பத்து நாள் அந்தப் பக்கமே வரல, பாவம்." என்னிடம் அதை அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பகுதியை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

சிறுவர் சாட்சிகளுக்குத் தனி அறை உண்டு. பாஸ்டர் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை. அவளுடைய அம்மாவும் நானும் வெளியே நீள நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டரை மணி நேரம். அவள் வெளியே வந்ததும் முதலில் சொன்னது, "லிமாவ் ஐஸ் வேணும்."

எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். பாதி டம்ளர் எலுமிச்சை ஜூஸை ஒரே இழுப்பில் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஏன் இவ்ளோ நாள் சொல்லலன்னு பாஸ்டர் பக்கத்து லோயர் கேட்டாரு. கரடின்னு சொன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். யாருமே சிரிக்கல."

"ம்."

"கரடி வரும்னு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாரு." உறிஞ்சுகுழலைச் சுற்றினாள். "உங்க பேரச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. பரவாயில்லையா அக்கா?"

என் பெயர் அச்சில் வந்த இடங்களையெல்லாம் அம்மா ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். சான்றிதழ்கள், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்கள், டிப்ளோமா. அவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. என் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும், விரலை அங்கே வைத்துக் காட்டுவார். கோர்ட்டில் என் பெயரை எழுதிக்கொண்ட தாள் அந்தக் கோப்புக்கு வராது.

"பரவாயில்ல. அது இடது பக்கம்தான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு என் அப்பாவைப் பார்த்து, "அங்கிள், ரொட்டி சானாயும் சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.